கருங்கல் மேட்டில் கடற்காற்றைத் தேடியவன்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிறகு மற்றதை நிம்மதியாக எழுதலாம்.

துறைமுகத்தில் கரிக்கப்பல் வந்து நிற்கும் இடத்தில் பதினாறு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவன் நான். எந்தக் கரி நின்று எரியும், எந்தக் கரி புகையைக் கக்கிவிட்டு அணையும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன் என்று ராயபுரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. (அந்தப் பெயரைப் பரப்பியவனும் நான்தான்.) அப்படிப்பட்டவன், ஷோலாப்பூருக்கு அப்பால் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் போய் இறங்கிய மறுநாள் விடியற்காலையில், தண்டவாள ஓரம் கறுப்பாகக் கிடந்ததைத் துண்டு நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து, அடுப்பில் அடுக்கி, கால் மணி நேரம் விசிறினேன். எரியவில்லை. ஈரக்கரி போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் விசிறினேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியும். தண்டவாள ஓரத்தில் கறுப்பாக ஏதாவது கிடந்தால், அது வேகனிலிருந்து விழுந்த கரி. குனிந்து எடுக்காமல் போகிறவனை "பெரிய துரை போறாரு பாரு" என்பார்கள். இங்கே கிடந்ததும் எரிந்து ஆறிய கட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது, அவ்வளவாகக் கனக்கவும் இல்லை. நான் என்ன செய்ய.

என் மனைவியின் அக்கா பாக்கியம் பின்னால் வந்து நின்று சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் விசிறினாலும் எரியாது. அது கல்லு. இந்த வூட்டு சொவுத்த பாரு, அதே கல்லுதான். கொஞ்சம் வுட்டா எங்க வூட்டையே அடுப்புல வெச்சுடுவ போல கீதே" என்றார். என் மகள் புஷ்பா சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவளுக்கு இருமல் வரவில்லை. அதை நான் கவனித்தேன், பாக்கியமும் கவனித்தார்.

இந்தப் பயணமே அந்த இருமலால் வந்ததுதான்.

புஷ்பாவுக்குப் பதினேழு வயது. பத்து வயதிலிருந்து இளைப்பு. எங்கள் வீடு ராயபுரத்தில் கல்மண்டபத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ரயில் யார்டு, நடுவில் எங்கள் ஜன்னல். துறைமுகத்தில் ஊதுகிற கப்பல் எது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அதே காதால்தான் அவள் நெஞ்சு ஊதுவதையும் கேட்டு, இது ஒரு மணி நேரத்தில் அடங்குமா, விடிய விடிய ஊதுமா என்றும் சொல்லக் கற்றுக்கொண்டேன். மாடிப்படி ஏறினால் இளைப்பு, பனி பெய்தால் இளைப்பு, பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் இளைப்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தியதும் அதனால்தான்.

பொங்கல் கழிந்து ஒருநாள் எங்கள் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உப்புக்காற்றும் கரித்தூசியும் இவளுக்கு எமன், காய்ந்த மேட்டுப் பிரதேசத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு வாரம் கூட்டிக்கொண்டு போய்ப் பார் என்றார். அங்கேயும் இளைத்தால் திரும்பக் கூட்டி வந்துவிடு. இளைக்கவில்லை என்றால் இரண்டு மூன்று வருஷம் அங்கேயே விட்டுவிடு.

என் சகலை எத்திராஜ், பாக்கியத்தின் புருஷர், ரயில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு வீட்டில் வேலை பார்க்கிறார். புளியந்தோப்புக்காரர். இருபது வருஷமாகப் பம்பாய் லைனில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. கார்டு போட்டோம், உடனே வரச்சொல்லிப் பதில் வந்தது. மாசி மாதம் லீவு வாங்கிக்கொண்டு நானும் புஷ்பாவும் கிளம்பினோம்.

டிராம் நின்றுபோன பிறகு ராயபுரத்திலிருந்து சென்ட்ரலுக்குக் கைரிக்ஷாதான் சௌகரியம். எங்கள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு ரிக்ஷாக்காரர், "இன்னா நைனா, வூட்டையே பேத்துகினு போறியா?" என்று கேட்டார். மூட்டைகளில் பாதி கருவாடு. அங்கே கடல் இல்லையே என்று என் மனைவி சரோஜா கட்டிக்கொடுத்தது. இதைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து கருவாடு எடுத்துப்போக வேண்டாம். மூன்றாம் வகுப்பில் எங்களைச் சுற்றி நல்ல இடம் கிடைத்தது என்பது உண்மைதான், ஆனால் கிடைத்த விதம் மரியாதையாக இல்லை.

டிக்கெட் ஆளுக்குப் பதினான்கு ரூபாய்க்குள். தூரம் ஐந்நூறு மைலுக்குக் கொஞ்சம் மேல். இரவு சென்ட்ரலில் ஏறினால் மறுநாள் மாலை ஷோலாப்பூர். ஜன்னலோர இடம் பிடித்துக்கொள்ளுங்கள், வலது இடது எதுவானாலும் சரி. எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டியில் மட்டும் ஏறாதீர்கள். நாங்கள் அதில்தான் ஏறினோம். ரேணிகுண்டா வரைக்கும் புஷ்பா புகையில் இளைத்துக்கொண்டே வந்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும்.

பொழுது விடிந்தபோது குண்டக்கல் பக்கம் வந்திருந்தோம். யாரோ மலையை உடைத்துக் குவித்துவிட்டு வண்டி வராததால் அப்படியே விட்டுப்போன மாதிரி, எங்கே பார்த்தாலும் உருண்டைப் பாறைகள். அதுவரைக்கும் பாறை என்றால் எனக்குப் பல்லாவரம்தான். ராய்ச்சூரைத் தாண்டியதும் கல்லின் நிறம் மாற ஆரம்பித்தது. குல்பர்காவுக்குள் போவதற்குள் தரை, வரப்பு, சுவர், கிணற்று விளிம்பு எல்லாம் கறுப்பு. புஷ்பா என்னை உலுக்கினாள்.

"நைனா, இங்க இன்னா ஊரே தீப்புடிச்சு எரிஞ்ச மாதிரி கீது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லப் பிடிக்காமல், "மண்ணு வாகு அப்டி" என்றேன்.

அவள் கேட்டதுதான் சரி. சகலை அதைப் பிறகு விளக்கினார். பம்பு வீட்டுக் கிணறு ஐம்பதடி ஆழம், முழுக்கப் பாறையில் வெடி வைத்து இறக்கியது. அதை இறக்கிய எஞ்சினியர் அவரிடம் சொன்னாராம்: இந்தச் சீமை முழுவதும் ஒரு காலத்தில் பூமி பிளந்து நெருப்புக் குழம்பு வழிந்து பரவிய இடம். ஒரு தரம் வழிந்து ஆறியதும் அதன் மேலே இன்னொரு தரம், அதன் மேலே இன்னொரு தரம், தோசைமேல் தோசை அடுக்கியது போல. சகலை இதை அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொன்னார். "மெய்யாலும் சொல்றேன் சகலை, கொழம்பு ஊத்திக்கினே கீது, ஊத்திக்கினே கீது, நிக்கவே இல்ல" என்றார். எத்தனை நாள் ஊற்றியது என்று புஷ்பா கேட்டாள். "நாளா? நீ ஒண்ணு. நம்ம துறைமுகம், நம்ம ஊரு, மனுஷன், ஒண்ணுமே அப்ப இல்ல கண்ணு" என்றார்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அந்த அடுக்கு அப்படியே தெரிகிறது. கறுப்புப் பாறை, அதன் கீழே செங்கல் நிறத்தில் ஒரு சாண் பட்டை, மறுபடி கறுப்பு. ஒரு குழம்பு ஆறி அடுத்தது வருவதற்குள் கிடந்த மண் வெந்துபோய்ச் சிவந்ததாம். தண்ணீர் அந்தச் சிவப்புப் பட்டைக்கு மேலேயிருந்துதான் கசிந்து வருகிறது. நான் கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அதையே பார்த்தேன். கப்பலில் வந்திறங்கும் அதிசயங்கள் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்று பார்த்ததில்லை. ஷோலாப்பூரிலிருந்து பாசஞ்சரில் பதினான்கு மைல், டிக்கெட் ஏழணா, அதற்கு இப்படி ஒரு காட்சி.

முதல் மூன்று நாளும் ஸ்டேஷனைச் சுற்றியே நடந்தோம். அந்தப் பூமியை எப்படிச் சொல்வது. தட்டையாக விரிந்து கிடக்கிறது. தூரத்தில் குன்றுகள். நம் ஊர்ப் பக்கத்துக் குன்று மாதிரி உச்சி கூர்மையாக இருக்காது. மேலே மேஜை மாதிரி சீவிவிட்டிருக்கும், பக்கவாட்டில் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒவ்வொரு படியும் ஒரு குழம்பு. வயலில் கறுப்பு மண் வெடித்து, புஷ்பாவின் கை முழங்கை வரைக்கும் உள்ளே போகிற அளவுக்குப் பிளந்திருந்தது. மழைக்காலத்தில் அதே மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளுமாம். சோளம் அறுவடை நடந்துகொண்டிருந்தது. கல் அதிகமாக இருந்த இடங்களில் பயிர் இல்லை. காய்ந்த புல், கருவேலம், இலந்தை, கள்ளி, அவ்வளவுதான். பாதையோரத்துப் பாறைகள் வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரிந்து கிடந்தன. உடைந்த கல் ஒன்றின் ஓட்டைக்குள் வெள்ளை ஊசிகள் பூப்போல மலர்ந்திருந்தன. அதைப் புஷ்பா தாவணியில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

நடுவே அங்கங்கே ஒரு மரம். இலை ஒன்றுகூட இல்லை, மரம் முழுக்கச் செந்நெருப்பாகப் பூ. என்ன மரம் என்று சகலையைக் கேட்டேன். "புரசு" என்றார். நாற்பத்து மூன்று வருஷமாகப் புரசவாக்கம் புரசவாக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அங்கே துணி எடுத்திருக்கிறேன், சண்டைகூடப் போட்டிருக்கிறேன். புரசு பூத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புஷ்பா இரண்டாம் நாள் இரவு படுத்துத் தூங்கினாள். உட்கார்ந்து இல்லை, படுத்து. மூன்றாம் நாளும் அப்படியே. ஆனால் இதெல்லாம் வீட்டைச் சுற்றி நடந்ததை வைத்துச் சொல்வது. ஏறி இறங்கினால், வெயிலில் அலைந்தால் என்ன ஆகும் என்று பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்றேன். பாக்கியம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்ப இட்டுகினு போய்க் காட்டு" என்றார்.

ஆகவே நான்காம் நாள் காலை, ஸ்டேஷனுக்கு மேற்கே மூன்று மைலில் இருக்கும் மேஜைக் குன்றுக்குக் கிளம்பினோம். நானும் அவளும் மட்டும். ஒரு கூஜா தண்ணீர், துணியில் கட்டிய சோள ரொட்டி, அதற்கு நிலக்கடலைச் சட்னி. சகலைக்கு டியூட்டி. அவர் சொன்ன வழி இவ்வளவுதான்: "போசொல்ல மேக்கால, வர்சொல்ல கெழக்கால. கொழந்தகூட வழி தப்பாது."

ஏறுவது சுலபம். படி இருக்கிறதே. முதல் படி, ஒரு தட்டை, இரண்டாவது படி, ஒரு தட்டை. ஒவ்வொரு தட்டையிலும் நான் நின்று புஷ்பாவின் மூச்சைக் கேட்டேன். மூன்றாவது தட்டையில் நின்றபோது கேட்டது என் மூச்சு மட்டும்தான்.

உச்சி ஒரு கால்பந்து மைதானம். சின்னது இல்லை, நாலைந்து மைதானம் சேர்ந்தது. மேலே ஏறியதும் அங்கே கண்டதையெல்லாம் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் பாதியை வெட்டிவிடுவார், ஆகவே இரண்டு மட்டும். ஒன்று ஓணான். கல்லின்மேல் சின்னதாக, மண் நிறத்தில், கவனிக்கிற மாதிரி ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. திடீரென்று தொண்டைக்குக் கீழே ஒரு விசிறியைப் பிரித்தது. நீலம், கறுப்பு, சிவப்பு. மடித்தது, மறுபடி பிரித்தது. பக்கத்துக் கல்லில் இன்னொன்று பதிலுக்குப் பிரித்தது. குன்று முழுக்க, கல்லுக்கு ஒன்று, கொடியேற்றி இறக்கிக்கொண்டே இருந்தன. புஷ்பா ஒவ்வொன்றின் பின்னாலும் போனாள், நான் அவள் பின்னால் போனேன்.

இன்னொன்று பறவை. கோழி இல்லை, மயில் இல்லை. நின்றால் என் இடுப்புக்கு வரும். வெள்ளைக் கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி, மோவாயைத் தூக்கிக்கொண்டு நடை. எங்கள் துறைமுகத்தில் மேலதிகாரி ஒருவர் இப்படித்தான் நடப்பார். எங்களைப் பார்த்தது, அவசரப்படவில்லை, நாலு எட்டு வைத்தது, அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அந்த ஊர்ப் பாஷையில் அதன் பெயர் மால்டோக் என்று பிறகு சகலை சொன்னார்.

"நைனா, இத்தினி பெருசு பறக்குதே" என்றாள் புஷ்பா, அது போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு.

ரொட்டியைத் தின்றோம். தண்ணீரில் பாதியைக் குடித்தோம். கிளம்பலாம் என்று எழுந்தபோது எந்தப் பக்கமாக ஏறி வந்தோம் என்பது எனக்கு மறந்துவிட்டது. ஓணானைத் துரத்திச் சுற்றியதில் நாலு விளிம்பும் ஒரே மாதிரியாகிவிட்டன. கீழே நாலு பக்கமும் அதே கறுப்பு, அதே புல்.

அப்போதுதான் காற்று வந்தது. நடுப்பகல் கழிந்து, நம் ஊரில் வருகிற அதே நேரத்துக்கு, சொல்லிவைத்த மாதிரி வந்தது.

ராயபுரத்தில் கிழக்கு என்று யாரும் சொல்வதில்லை, கடல் பக்கம் என்போம். தெருவில் சோடாக்கடை கடல் பக்கம், சவுக்குமண்டி யார்டு பக்கம். பகல் திரும்பியதும் காற்று கடல் பக்கத்திலிருந்து வரும். கிரேன் மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கன்னத்தில் காற்றுப் பட்டால் கடல் எங்கே என்று தெரியும். நான் கன்னத்தைத் திருப்பினேன்.

"தோ வந்துட்ச்சு பாரு கடக்காத்து" என்றேன். "இத்த மூஞ்சில வாங்கிக்கினே போனா கெழக்கு. கெழக்கே போனா பெரிம்மா வூடு."

புஷ்பா என்னைப் பார்த்தாள், காற்று வந்த திசையைப் பார்த்தாள். "சரி நைனா" என்றாள்.

சூரியனைப் பார்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். உச்சியிலிருந்து அது இன்னும் சரியாகச் சாயவில்லை, எனக்கும் காற்றின்மேல் இருந்த நம்பிக்கை சூரியன்மேல் இல்லை. கடலே இல்லாத ஊரில் கடற்காற்று எங்கிருந்து வரும் என்று என் மூளை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அந்த மேட்டில் அந்த மாதத்தில் பகல் திரும்பினால் காற்று மேற்கிலிருந்து வருகிறது.

ஆக, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தோம். இரண்டு மணி நேரம். ஒரு காய்ந்த ஓடையைத் தாண்டினோம். அதில் தண்ணீருக்குப் பதில் உருண்டைக் கற்கள்தான் ஓடியிருந்தன. ஈட்டிப்புல் என் வேட்டியில் ஏறித் தைத்துக்கொண்டது. முறுக்குக் கொம்பு மான் கூட்டம் ஒன்று எங்களைப் பார்த்துத் துள்ளித் துள்ளிப் போனது. வெயில் கல்லிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. புஷ்பா முன்னால் போய்க்கொண்டே இருந்தாள், நடுவில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு. நான் பின்னாலிருந்து "மெதுவா போ, இளைக்கப் போவுது" என்று கத்தினேன். கத்தியதில் எனக்கு இளைத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். கூஜாவில் இரண்டு வாய் தண்ணீர்தான் மிச்சம். ஸ்டேஷன் வந்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது, ஒரு தந்திக் கம்பம்கூடத் தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அவளுக்கு இங்கே இளைப்பு வந்தால் என்ன செய்வேன். மாத்திரை வீட்டில்.

நல்ல வேளை, செம்மறி ஆடுகள் வந்தன. அவற்றின் பின்னால் ஒரு பெண், கச்சம் வைத்துக் கட்டிய புடவை, தோளில் கம்பளி, கக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டி. எனக்குத் துறைமுகத்து இந்துஸ்தானி தெரியும். அதாவது கப்பல்காரனைத் திட்டுகிற அளவுக்கு. ஸ்டேஷனுக்கு என்ன சொல்வது என்று அந்த நேரம் வாயில் வரவில்லை. காற்று வந்த பக்கம் கையைக் காட்டி, "சமுந்தர்? சமுந்தர் உதர்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம்தானே கடல் என்று.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வேட்டியில் தைத்திருந்த புல்லைப் பார்த்தார். புஷ்பாவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், ஆட்டுக்குட்டியைக் கீழே விட்டுவிட்டு, கம்பளியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். புஷ்பாவும் சேர்ந்துகொண்டாள். யாருக்கும் யார் பாஷையும் தெரியாது, ஆனால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. புஷ்பா உதட்டைக் குவித்து ரயில் மாதிரி ஊதிக் காட்டினாள். அந்த அம்மாள் உடனே நாங்கள் வந்த வழியையே, எங்கள் முதுகுக்குப் பின்னால், கை நீட்டிக் காட்டினார். தோல்பையிலிருந்து கூஜாவில் தண்ணீர் ஊற்றினார். இரண்டு வெங்காயமும் கொடுத்தார்.

திரும்பி நடந்தோம். இப்போது காற்று முதுகில். குன்றின் ஓரமாகச் சுற்றி வந்தபோது, தொலைவில் ஒரு புகைக் கோடு தெரிந்தது. புஷ்பா கையைக் காட்டினாள்.

"தோ ரயிலு. மேல நிக்கசொல்லவே பாத்தேன் நைனா. நீ காட்டுன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பொகை போச்சு."

எனக்கு நடை நின்றுவிட்டது. "அப்பவே தெரியுமா? ஏன் சொல்லல?"

"சொன்னா நேரா வூட்டுக்கு இட்டுகினு பூடுவ." அவள் வெங்காயத்தைக் கடித்தாள். "நான் இவ்ளோ தூரம் நடந்ததே இல்ல நைனா. எவ்ளோ தூரம் முடியும்னு பாக்கலாம்னு தோணுச்சு."

"எவ்ளோ முடிஞ்சுது?"

"இன்னும் முடியுது. உனக்குத்தான் முடியல."

பொழுது சாயும்போது பம்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மொத்தம் பதினான்கு மைலாவது இருக்கும் என்றார் சகலை. பாக்கியம் என்னைத் திட்டவில்லை. புஷ்பாவைத் திருப்பி நிறுத்தி, முதுகில் காதை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். "ஒண்ணும் இல்ல. சுத்தமா ஒண்ணும் இல்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சகலை உள்ளே போய் வெல்லம் எடுத்து வந்து எல்லோர் வாயிலும் போட்டார். நானும் வாயைத் திறந்தேன். சந்தோஷம்தான், அதில் சந்தேகமே இல்லை. காலில் மூன்று கொப்புளம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி, பங்குனி ஆரம்பம் நல்ல சமயம். புரசு பூத்திருக்கும், பாதை காய்ந்திருக்கும். சித்திரையில் போனால் கல் உங்களை வறுத்துவிடும். பகலில் வெயிலானாலும் விடியற்காலை குளிரும், கம்பளி வேண்டும். செருப்பு தடித்த தோலாக இருக்கட்டும், ஈட்டிப்புல்லுக்கு வேட்டியைவிடக் கால்சட்டை மேல். ஆளுக்கு ஒரு கூஜா தண்ணீர். உட்காரும் முன் கல்லைக் காலால் தட்டிப் பாருங்கள், அடியில் தேள் இருக்கும். சோள ரொட்டி முதல் நாள் தொண்டையில் நிற்கும், மூன்றாம் நாள் அது இல்லாமல் இருக்க முடியாது. காற்றை நம்பாதீர்கள். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்: உள்ளே போகப் போக, உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் கல்லும் முள்ளும் என்று சொல்கிறவர்கள் ரயிலிலிருந்து பார்த்தவர்கள். இறங்கி நடந்தால் ஒரு வருஷத்தில் நாலு மாதத்துத் தண்ணீரை வைத்துக்கொண்டு எத்தனை உயிர் எத்தனை சாமர்த்தியமாகப் பிழைக்கிறது என்று தெரியும். ஈரம் இல்லாத அந்தக் காற்றில் எல்லாமே மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறது.

லீவு முடிந்து நான் மட்டும் கிளம்பியது காலை பாசஞ்சரில். அந்த ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க எட்டு நிமிஷம் நிற்கும். அன்றைக்கு எட்டு நிமிஷம் ஆகியும் தொட்டி நிரம்பவில்லை. கிணறு வற்றிப்போச்சா என்று டிரைவர் இந்தியில் கத்தினார். நான் பம்பு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சகலை வால்வைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பாதிதான் திறந்திருக்கிறார்.

புஷ்பா பிளாட்பாரத்தில் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் ஒரு வாரத்தில் கறுத்திருந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை வந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"ஊருக்குப் போனதும் டாக்டராண்ட காட்டு நைனா. அன்னிக்கு அந்தப் பாறைல குந்திக்கினு எப்படி இளைச்ச தெரியுமா."

"எனக்கு இன்னா. கிரேன்ல குந்திக்கினு வேலை. நடக்கவா போறேன்."

"அம்மாகிட்ட அந்தக் கல்ல குடு. வெள்ளப் பூ வெச்ச கல்லு. ஒடச்சுடாத."

"குடுக்கறேன்."

தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டார்கள். எஞ்சின் ஊதியது. பெரியம்மா பேச்சைக் கேள் என்றேன். கல்லைக் கையால் புரட்டாதே என்றேன். மேலே ஏறினால் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன். வண்டி நகர்ந்தது, அவள் கூடவே ஓடி வந்தாள், பிளாட்பாரம் முடிகிற வரைக்கும், ஒரு தடவைகூட நிற்காமல். போதும், நில் என்று கையைக் காட்டினேன்.

சொல்லாமல் விட்டது ஒன்றுதான். "வா புஷ்பா, வூட்டுக்குப் பூடலாம். அங்கயே இருமிக்கினு இருக்கலாம்."